சூடானால் நிற்கிறதா, சூட்டால் நிற்கிறதா: ஒரு ஏ.பி.யு. தொல்லை

கேள்வி, ஜூன் 9
"என் டிரக்கின் ஏ.பி.யு. (வண்டி நிற்கும்போது கேபினுக்கு ஏ.சி.யும் மின்சாரமும் தரும் சிறு டீசல் என்ஜின்) சரியாக 40 நிமிடம் ஓடிவிட்டு நின்றுவிடுகிறது. சிவப்பு விளக்கு எரிகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடியும் கிளம்புகிறது, மறுபடியும் 40 நிமிடம். அதிகச் சூடானால் என்ஜினை நிறுத்தும் வெப்ப சுவிட்சுதான் கெட்டிருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒன்றை மாற்றிவிட்டேன், புதியதும் அதே கதை. மட்டமான சரக்கு. சுவிட்சை விட்டுவிட்டு ஒயரை நேராக இணைத்துவிட்டால் என்ன?"

ஜூன் 9, இரவு
இணைக்காதீர்கள்.

ஜூன் 10
நேற்று ஒரே சொல்லோடு நிறுத்தியதற்குத் தூக்கம்தான் காரணம். இப்போது விரிவாக எழுதுகிறேன்.

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். ஏ.பி.யு.வில் அந்த ஆண்டி வெப்ப சுவிட்ச். எது கெட்டாலும் பழி அதன் தலையில்தான் விழும். இரண்டு சுவிட்சுகள் அடுத்தடுத்துக் கெட்டன என்றால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டும் ஒரே உண்மையைத்தான் சொல்லியிருக்கும்.

நானும் ஒரு முறை நேராக இணைத்தவன்தான். "காலையில் பார்த்துக்கொள்ளலாம், இரவு தூங்கினால் போதும்" என்று செய்த வேலை அது. நள்ளிரவில் ரேடியேட்டர் குழாய் ஒன்று கிளிப்பிலிருந்து கழன்று என்ஜினை ஆற்றும் திரவமான கூலண்ட் முழுவதும் தரையில் கொட்டிவிட்டது. எண்ணெய் கருகும் வாடை வந்துதான் விழித்தேன். சிலிண்டர் ஹெட் வளைந்து போயிருந்தது. இரண்டு சிலிண்டர் என்ஜின்தானே, சின்னது, செலவும் சின்னதாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இருக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. கூலண்ட் இல்லாமல் போனால் சரியான சுவிட்சுகூட ஏமாறும். அது திரவத்தில் மூழ்கியிருக்கும்போதுதான் திரவத்தின் சூட்டைக் காட்டும். சுற்றிலும் வெறும் காற்று நின்றால் என்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதும் பேசாமல் இருக்கும். ஆகவே சுவிட்சைச் சந்தேகிப்பதற்கு முன்னால் கூலண்ட் மட்டத்தைப் பாருங்கள். என்ஜின் முழுவதும் ஆறியபின் ரேடியேட்டர் மூடியையே திறந்து பார்க்க வேண்டும். பக்கத்து பிளாஸ்டிக் பாட்டிலில் நிறையத் தெரியும், ரேடியேட்டருக்குள் ஒன்றும் இருக்காது. எனக்கு அப்படி நடந்திருக்கிறது.

உங்கள் கதை எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. ரேடியேட்டர் அடைத்திருக்கிறது. 40 நிமிடத்தில் சூடு ஏறுகிறது, நிற்கிறது, ஆறுகிறது. பாடப் புத்தகத்தில் போடலாம்.

ஜூன் 10, சற்றுப் பின்
விட்டுப்போனது: எல்லா யூனிட்டிலும் சுவிட்ச் ஒரே மாதிரி வேலை செய்யாது. சிலவற்றில் சூடானால் இணைப்பு திறக்கும், சிலவற்றில் மூடும். மூடும் வகையில் ஒயரை நேராக இணைத்தால் யூனிட் கிளம்பவே கிளம்பாது. அப்படி ஒன்றாக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

ஜூன் 12
ரேடியேட்டரைக் கழுவச் சொன்னால் போதாது, எப்படிக் கழுவுவது என்று என் அனுபவத்தையே எழுதிவிடுகிறேன்.

என் யூனிட்டில் ஏ.சி.யின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் முன்னால், ரேடியேட்டர் அதற்குப் பின்னால், நடுவே ஒரு விரல் இடைவெளி. முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் பளபளவென்று இருக்கும். பின்னாலிருந்து பார்த்தால் ஃபேன் மறைக்கும். இரண்டுக்கும் நடுவே தூசியும் டயர்த் துகளும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கம்பளம் போல் படிந்திருந்தது எனக்கு ஒரு வருடம் தெரியாது. தெர்மோஸ்டாட்டை மாற்றினேன், மூடியை மாற்றினேன், கூலண்டை மாற்றினேன். எதற்கும் அசையவில்லை. கடைசியில் நான்கு போல்ட்டைக் கழற்றிக் கண்டென்சரை முன்னால் சாய்த்ததும், விரலால் உரித்தெடுக்கும் அளவுக்கு ஒரு தகடாகவே வந்தது.

அதைக் கழுவிவிட்டு இரவு நிம்மதியாகப் படுத்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அப்போதே ஃபேனும் உறுமுகிறது என்று புதிதாக ஒன்று வாங்கிப் போட்டிருந்தேன். பிளக் பொருந்தவில்லை, ஒயரை வெட்டி முறுக்கினேன். அன்றிரவு 25 நிமிடத்தில் நின்றது. முன்பைவிட மோசம்! ஃபேன் நன்றாகத்தான் சுற்றியது, ஆனால் தலைகீழாக. நேர்மின்னோட்ட (டி.சி.) மோட்டார், இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுத்தால் எதிர்த்திசையில் சுற்றும். இறக்கை ஒரு திசைக்கென்றே வளைக்கப்பட்டது, எதிர்ப்பக்கம் சுற்றினால் சத்தம் வரும், காற்று வராது. வரும் கொஞ்சமும் தப்பான பக்கம் போகும்.

இதைக் கண்டுபிடிக்க மீட்டர் வேண்டாம். ஒரு காகிதத்தை ரேடியேட்டர் முகத்தில் வையுங்கள். ஃபேன் இழுக்கும் பக்கத்தில் காகிதம் ஒட்டிக்கொள்ளும். தள்ளிவிட்டால் திசை மாறியிருக்கிறது.

கழுவும்போது தண்ணீரைக் காற்று உள்ளே வரும் பக்கத்திலிருந்து அடியுங்கள். அழுத்தம் குறைவாக இருக்கட்டும்.

ஜூன் 12, இரவு
மேலே கடைசி வரி தப்பு. காற்று வெளியேறும் பக்கத்திலிருந்து அடிக்க வேண்டும். வந்த வழியே அழுக்கை வெளியேற்றுவதுதான் நோக்கம். நான் எழுதியபடி செய்தால் இன்னும் ஆழமாக உள்ளே போகும். அழுத்தம் குறைவு என்றது சரி, மெல்லிய இதழ்கள் படுத்துவிட்டால் பிறகு கழுவினாலும் காற்று போகாது.

ஜூன் 15
கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: கழுவினாராம். கையளவு குப்பை வந்ததாம். ஃபேனுக்குப் பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்துச் சுற்றவிட்டாராம், காகிதம் ஒட்டிக்கொண்டதாம். இப்போது 47 நிமிடம் ஓடி நிற்கிறது.

7 நிமிடம் கூடியிருக்கிறது! சிரிக்க வேண்டாம், அதுவும் ஒரு செய்திதான். நாம் சரியான வழியில் போகிறோம்.

அடுத்தது மூடி. தண்ணீரோடு சரிபாதி கலந்த கூலண்ட் திறந்த பாத்திரத்தில் 107 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடும். 1 பார் அழுத்தம் தாங்கும் மூடி நன்றாக இருந்தால் 125 டிகிரி வரைகூடக் கொதிக்காது. மூடியின் ரப்பர் காய்ந்துவிட்டால் அந்த லாபம் முழுவதும் போய்விடும். பார்வைக்கு நல்ல மூடியும் கெட்ட மூடியும் ஒன்றுதான், சோதிக்கும் பம்ப் இல்லையென்றால் புதிதாகவே போட்டுவிடுங்கள்.

மூடி மாற்றியும் பாட்டிலில் குமிழி வந்துகொண்டே இருந்தால், காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போதே மேல் குழாய் கல்லாக இருந்தால், சிலிண்டர் ஹெட்டின் அடியிலுள்ள ஹெட் கேஸ்கெட் வழியாக எரிந்த வாயு கூலண்டுக்குள் வருகிறது என்று பொருள். அது வேறு துக்கம்.

ஜூன் 16
ஒருவர் சுமையைப் பற்றிக் கேட்டார். நல்ல கேள்வி. ஏ.பி.யு. என்ஜின் இரண்டு மாடுகளை இழுக்கிறது: ஏ.சி. கம்ப்ரசர் ஒன்று, ஆல்டர்னேட்டர் ஒன்று. பேட்டரிகள் பழையவையாக இருந்து ஆழமாக இறங்கியிருந்தால் ஆல்டர்னேட்டர் மணிக்கணக்கில் முழுச் சுமையில் நிற்கும். ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டிய பேட்டரி 12-க்குக் கீழே காட்டினால் ரேடியேட்டரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை.

சோதனை எளிது. ஒரு நாள் ஏ.சி.யை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

ஜூன் 17
ஏ.சி. இல்லாமல் 58 நிமிடம். பிறகு நின்றது.

பார்த்தீர்களா, சூடுதான். எவ்வளவு சூட்டில் நிற்கிறது என்று அளந்து சொல்லுங்கள். அகச்சிவப்பு வெப்பமானியைப் பளபளக்கும் உலோகத்தில் காட்டினால் பொய் சொல்லும், குறைத்துக் காட்டும். தெர்மோஸ்டாட் இருக்கும் உலோகக் கூட்டின் மேல் கறுப்பு டேப் ஒட்டி அந்த டேப்பைக் குறிவையுங்கள். உங்கள் சுவிட்சில் 110 என்று எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். 108, 109 வரும் பாருங்கள்.

ஜூன் 19
91.

மூன்று முறை அளந்திருக்கிறார். 91, 90, 91. இது அதிகச் சூடே இல்லை. ஒரு டீசல் என்ஜின் நலமாக இருக்கும் சூடு.

பத்து நாளாக நான் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். என் யூனிட்டின் கதையை எடுத்து அவர் யூனிட்டுக்குப் போர்த்திவிட்டிருக்கிறேன். அவர் யூனிட்டில் கண்டென்சர் கேபினுக்குப் பின்னால் தனி ஃபேனோடு இருக்கிறதாம். நான் இரண்டு அடுக்கு ரேடியேட்டர் பற்றி ஒரு பக்கம் எழுதியபோதும் அவர் மரியாதைக்காகப் பேசாமல் இருந்திருக்கிறார். சூடானபின் நிற்பது வேறு, சூட்டால் நிற்பது வேறு. இதை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். கூடவே இன்னொன்றையும்: எப்படி நிற்கிறது?

திணறித் திணறி, ஏறி இறங்கி நிற்கிறதா? அப்படியென்றால் டீசல். பட்டென்று, யாரோ சாவியைத் திருப்பியது போல் நிற்கிறதா? அப்படியென்றால் மின்சாரம். ஏனென்றால் கட்டுப்பாட்டுப் பெட்டி என்ஜினை நிறுத்தும் முறையும் அதுதான், டீசல் வரும் வழியைத் திறந்து பிடிக்கும் மின்காந்தமான சொலினாய்டின் மின்சாரத்தை வெட்டுவது. சுவிட்ச் வெட்டினாலும் ஒயர் வெட்டினாலும் கேட்கும் காதுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். சிவப்பு விளக்கும் அவர் யூனிட்டில் எல்லாக் கோளாறுக்கும் ஒன்றே ஒன்று.

ஜூன் 20
பட்டென்று நிற்கிறதாம்.

அப்படியானால் சொலினாய்டு. இதற்குள் இரண்டு காயில்கள், அதாவது செம்புக் கம்பிச் சுருள்கள், உண்டு. முதல் காயில் தண்டை இழுக்கும், ஒரு நொடிக்கு 30 ஆம்பியரை ஒட்டி விழுங்கும். தண்டு இடத்துக்கு வந்தபின் இரண்டாவது காயில் பிடித்துக்கொள்ளும், அதற்கு 1 ஆம்பியர் அளவே போதும். வகைக்கு வகை மாறும், ஆனால் கதை இதுதான். பிடிக்கும் காயில் ஒரு கணம் கைவிட்டால் ஸ்பிரிங் தண்டைத் தள்ளிவிடும், டீசல் நிற்கும். இழுக்கும் காயிலுக்கு மறுபடியும் மின்சாரம் வராது, ஆகவே தானாக மீளாது.

சூடானால் செம்பின் மின்தடை கூடும். 20 டிகிரியில் இருப்பதைவிட 100 டிகிரியில் ஏறக்குறைய 30 விழுக்காடு கூடுதல். மின்தடை கூடினால் மின்னோட்டம் குறையும், பிடி தளரும். ஆறினால் பிடி திரும்பும். 40 நிமிடக் கதை முழுவதும் இதில் அடங்குகிறது. இந்த முறை நிச்சயம்.

ஜூன் 20, மாலை
எண்ணெய் அழுத்த சுவிட்சும் பட்டென்றுதான் நிறுத்தும் என்று ஒருவர் நினைவூட்டினார். உண்மை. சூடேறிய எண்ணெய் நீர்த்து, அழுத்தம் இறங்கி, அதனாலும் சூடானபின் நிற்கலாம். சரிவில் நிறுத்தியிருந்தால் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி, உறிஞ்சும் குழாய் காற்றைக் குடிக்கும். சுவிட்ச் இருக்கும் துளையில் ஊசி காட்டும் அழுத்தமானியைத் திருகிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். பார்த்துவிட்டார், ஊசி அசையாமல் நிற்கிறது. கோளாறு எண்ணெயில் இல்லை.

ஜூன் 22
நிச்சயம் என்று எழுதியவனுக்கு மைத்துனன் ஒருவன் இருக்க வேண்டும். என்னுடையவன் ஒயரிங் வேலை செய்பவன். படித்துவிட்டுக் கேட்டான்: "மாமா, காயிலை அளந்தார்களா?"

அளக்கவில்லை. அளந்தபோது பிடிக்கும் காயில் ஆறியிருக்கையில் 13 ஓம், நின்றவுடன் சூடாக 16. கூடியது, ஆனால் கூட வேண்டிய அளவுதான். காயில் நலம். நான் அவரைப் புதிய சொலினாய்டு வாங்க வைக்கும் நிலையில் இருந்தேன், தப்பினார்.

மைத்துனன் அடுத்துக் கேட்டது: "சூடு 91 ஆனதும் அந்த யூனிட்டில் வேறு என்ன நடக்கிறது?"

நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது அவனே சொன்னான். ஃபேன் கிளம்புகிறது.

ஜூன் 23
கேள்வி கேட்டவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: நிற்கும் நேரத்தில் பக்கத்தில் நின்று காதைக் கொடுங்கள், ஃபேன் சுற்றுகிறதா? அவர் பதில்: "ஒரு முறை 'ங்ங்' என்று முனகுகிறது, உடனே எல்லாம் நிற்கிறது. என்ஜின் நின்றதால் ஃபேனும் நின்றது என்று நினைத்தேன்."

இல்லை ஐயா, ஃபேன் கிளம்பியதால் என்ஜின் நின்றது!

ஜூன் 24
கிடைத்துவிட்டது. ஃபேனுக்கும் சொலினாய்டுக்கும் பொதுவான ஒரே எர்த் ஒயர், மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி. அது சேஸிஸில் ஒரு போல்ட்டில் போய் முடிகிறது. ஒயர் நுனியிலுள்ள உலோக வளையமான லக்கைக் கழற்றினால் உள்ளே பச்சைப் பொடி, ஒயர் இழைகளில் பாதி அறுந்து தூளாகியிருக்கிறது. வெளியே உறை மட்டும் ஒழுங்காக.

என்ஜினை நிறுத்திவிட்டு, சாவியை மட்டும் போட்டு, ஃபேன் சுவிட்சை இணைத்து ஃபேனைச் சுற்றவிட்டு அளந்தார். பேட்டரியின் கழித்தல் முனைக்கும் அந்த எர்த் முனைக்கும் இடையே 3.1 வோல்ட். அரை வோல்ட்டுக்கே நான் முகம் சுளிப்பேன். ஃபேன் நிற்கையில் அதே இடத்தில் 0.2 மட்டும். பிடிக்கும் காயில் ஒன்றுக்கு அந்த நைந்த ஒயரே போதும், அதனால்தான் 40 நிமிடம் ஓடியது. மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும்போது எடுப்பதைப்போலப் பல மடங்கு இழுக்கும். மீட்டர் அந்தக் கணத்தைக் காட்டுவதற்குள் காயில் கைவிட்டுவிடுகிறது.

இப்போது பழைய எண்களைப் பாருங்கள். ரேடியேட்டரைக் கழுவியதும் 47: 91 டிகிரிக்கு வரக் கூடுதல் நேரம் பிடித்தது. ஏ.சி.யை அணைத்ததும் 58: இன்னும் மெதுவாக வந்தது. எல்லா எண்ணும் உண்மை, நான் சொன்ன பொருள்தான் பொய். ஃபேனைப் பேட்டரியிலிருந்து நேராகச் சுற்றவிட்டுப் பார்த்தாரே, அந்தச் சோதனையில் கெட்ட எர்த் சுற்றுக்குள்ளேயே வரவில்லை. நான்தான் "காகிதம் ஒட்டியதா, சரி" என்று கையெழுத்துப் போட்டேன்.

அவர் விருப்பப்படி வெப்ப சுவிட்சை நேராக இணைத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. 40 நிமிடத்தில் அப்படியே நின்றிருக்கும்.

ஜூன் 25
புதிய லக் போட்டவுடன் கிரீஸ் தடவ வேண்டுமா என்று ஒருவர். முதலில் போல்ட்டைச் சுற்றிய பெயின்டைச் சுரண்டி உலோகம் தெரியச் செய்யுங்கள், முறுக்குங்கள், பிறகு மேலே தடவுங்கள். ஒயரை நேராகப் பேட்டரிக் கழித்தல் முனைக்கே கொண்டுபோவது இன்னும் நல்லது என்கிறான் மைத்துனன். இப்போதெல்லாம் அவன் சொல்வதை அப்படியே எழுதிவிடுகிறேன்.

ஜூலை 8
இன்னொருவர்: அவருடைய ஏ.பி.யு. பகலில் நிற்காதாம், விடியற்காலையில் மட்டும் திணறி நிற்கிறதாம். டேங்க்கில் டீசல் கால்பங்கு இருக்கிறதாம்.

டேங்க்கில் இருக்கிறது, குழாய்க்கு எட்டவில்லை. ஏ.பி.யு.வுக்கு டீசல் எடுக்கும் குழாயைப் பல டிரக்குகளில் வேண்டுமென்றே உயரமாக வைப்பார்கள். இரவெல்லாம் ஓடி டேங்க்கைக் காலிசெய்து பெரிய என்ஜினைக் கிளம்பவிடாமல் செய்துவிடக் கூடாதே. வண்டி சாய்ந்து நின்றால் இன்னும் முன்னாலேயே எட்டாமல் போகும். முழு டேங்க்கோடு ஒரு இரவு ஓட்டிப் பாருங்கள். அப்போதும் நின்றால் ஃபில்டர், பம்ப்பின் வாயிலுள்ள சிறு வலை, உறிஞ்சும் குழாயின் கிளிப். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். அதனால் கண்ணுக்குத் தெரியாது.

நவம்பர் 23
வெயில் காலத்து இழைக்குக் குளிர் காலத்துக் கேள்வி: கேபினுக்குள் வெப்பம் தரும் டீசல் ஹீட்டர் இரவு மூன்று மணிக்கு அணைந்துவிடுகிறது.

முதலில் வெப்பக் காற்று வரும் குழாயைப் பாருங்கள். போர்வையோ பையோ வாயை மூடியிருந்தால் உள்ளே சூடு தேங்கி, ஹீட்டர் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். அடுத்து வோல்ட். பேட்டரி இறங்கினால் ஹீட்டர் அணையும், விடியற்காலை அதற்கு ஏற்ற நேரம். மூன்றாவது கரி. எப்போதும் குறைந்த சூட்டிலேயே ஓடவிட்டால் எரியும் அறையில் கரி படிந்துகொண்டே போகும். அவ்வப்போது முழுச் சூட்டில் ஓடவிட வேண்டும்.

அணைத்தபின் சில நிமிடம் அதன் ஃபேன் ஓடும், எரியும் அறையை ஆற்றுவதற்காக. அவசரத்தில் மெயின் சுவிட்சை அணைத்து அதை நிறுத்தாதீர்கள். புகைக்குழாய் சேற்றாலோ பனியாலோ அடைத்திருக்கிறதா என்று படுக்கும் முன் குனிந்து பாருங்கள். கேபினுக்குள் புகை வாடை வந்தால் ஆராய்ச்சி வேண்டாம், அணைத்துவிட்டு வெளியே வாருங்கள். புகையோடு வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே இல்லை. அதை உணரும் அலாரம் ஒன்றைப் படுக்கைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள்.

நவம்பர் 24
அவருக்குப் போர்வைதானாம்.

டிசம்பர் 2
ஜூன் மாதக் கேள்வியாளர் திரும்பி வந்திருக்கிறார். யூனிட் இரவு முழுவதும் ஓடுகிறதாம். ஆனாலும் மனம் ஆறவில்லை. கழற்றி வைத்த பழைய வெப்ப சுவிட்சைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, மீட்டரை வைத்து அரை மணி நேரம் காத்திருந்தாராம். மாறவே இல்லையாம். "அப்போதே சொன்னேன், சுவிட்ச் கெட்டதுதான்" என்று எழுதியிருக்கிறார்.

சுவிட்சில் 110 என்று எழுதியிருக்கிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100-ஐத் தாண்டாது, அரை நாள் கொதித்தாலும். எண்ணெயில் போடுங்கள், பக்கத்தில் ஒரு வெப்பமானியை வையுங்கள், ஈரமில்லாமல் துடைத்துவிட்டு.

டிசம்பர் 3
111-இல் மாறியதாம்.